மேலே கம்பெனி, கீழே கவர்மெண்ட்

தினேஷ் தம்பி அட்டைப்பெட்டியை பிளேடால் கீறித் திறந்தார். உள்ளே பேண்ட் இருந்தது.

நீல பேண்ட். ஆரஞ்சு டி-சர்ட். டி-சர்ட்டின் முதுகில் கம்பெனி பேர் இங்கிலீஷில் போட்டிருந்தது. அப்போதுதான் விடிந்திருந்தது. ஷெட்டில் புதுத்துணி வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடித்தது. நாங்கள் பொம்பளைகள் எல்லாம் சுவர் ஓரம் நின்றோம். பெட்டி நடுவில் இருந்தது.

"எடுத்துக்குங்கம்மா. எஸ், எம், எல், எல்லா சைஸும் இருக்கு."

யாரும் எடுக்கவில்லை.

அஞ்சலை மட்டும் போய் ஒன்றைத் தூக்கினாள். இரண்டு காலையும் இரண்டு கையால் விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னா தம்பி, ஆம்பளைங்க பொட்டிய மாத்தி எடுத்தாந்துட்டியா?"

"இல்லக்கா. உங்களுதுதான்."

"அப்போ ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கும் இதான்."

"அப்போ பொடவ யாருக்கு?"

தினேஷ் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. விழுப்புரத்துப் பக்கம். கம்பெனியில் எங்களுக்கு மேஸ்திரி அவர்தான். சூப்பர்வைசர் என்று சொல்ல வேண்டும். அவர் போனை எடுத்துப் பார்த்தார். பதில் அதில் இல்லை போல. மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

அஞ்சலை பேண்டை மடித்துப் பெட்டியிலேயே வைத்தாள். நாங்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனோம். எப்போதும் கட்டுகிற புடவையோடு.

அதற்கு முந்தின மாசம்தான் கவர்மெண்ட் எங்களைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. தள்ளுவண்டி, மண்வெட்டி, ஷெட், நாங்கள். எல்லாம் சேர்த்துத்தான்.

பேர்

போன வாரம் இதே பத்திரிகையில் ஒரு கல்யாணக் கதை எழுதினேன். அதில் என் பேரே வரவில்லை என்று டீக்கடையில் குறைப்பட்டார்கள். எழுதிவிடுகிறேன்.

என் பேர் குப்பம்மாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. என்னை முறத்தில் போட்டு, குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பை என்று பேர் வைத்தார்கள். எமனுக்கு வேண்டாத பொருள் என்று அர்த்தம். அவனும் எடுக்கவில்லை.

பெரியவளானதும் வீதி பெருக்குகிற வேலை கிடைத்தது. பேருக்கு ஏற்ற வேலை என்று சொல்லாதவர்கள் இல்லை. இப்போதெல்லாம் நானே முதலில் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு மிச்சம் இருக்காது.

அஞ்சலைக்குப் பிறந்த ஊர் பிள்ளைச்சாவடி. கடல் ஓரத்தில் வளர்ந்தவள். காற்றில் பேசிப் பேசிக் குரல் பெரிசு. அவள் ரகசியம் பேசினால் ரெண்டு வீதிக்குக் கேட்கும்.

எண்ணெய், சோப்பு, செருப்பு

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தினக்கூலி. கொஞ்ச வருசத்தில் பர்மனெண்ட் ஆக்கிவிடுவோம் என்றார்கள். கொஞ்ச வருசம் என்றுதான் சொன்னார்கள். எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை.

அப்போது வருசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தேங்காயெண்ணெய், சோப்பு, செருப்பு, பச்சைப் புடவை, மேலே போடக் காக்கி கோட்டு. புடவை நல்ல இலைப்பச்சை. வாங்குகிற அன்று கையெழுத்து போடத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தொட்டு வைப்பார்கள். அந்த மை புடவையில் பட்டால் போகாது. போகாமல் இருப்பதில் கொஞ்சம் பெருமைதான். கவர்மெண்ட் மை.

அந்தப் பச்சையைக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கினால் எங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வாய்க்காலுக்கு மேற்கே, பழைய ஓட்டு வீடுகள் இருக்கிற வீதி எனக்கு. ஒரு வீட்டுக் கதவு திறந்து, "கவர்மெண்ட்டு வந்துடுச்சு, குப்பைய எடுத்தா" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போடுவார்கள்.

நான்தான் கவர்மெண்ட்.

ஒரு தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், தினமும் எனக்கு "போன்ழூர்" சொல்வார். நானும் சொல்வேன். அவருக்குப் புரிந்த கவர்மெண்ட் அது. எனக்கு அர்த்தம் தெரிய ரொம்ப நாள் ஆனது. வணக்கம்தானாம்.

முதலில் எண்ணெய் நின்றது. தலைக்குத்தானே என்று விட்டோம். அப்புறம் சோப்பு. அப்புறம் செருப்பு. பிறகு கோட்டு வரவில்லை. அடுத்தது புடவை. கேட்டால், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். கடைசியில் கவர்மெண்ட் கணக்கில் நாங்களே நின்றுவிட்டோம்.

கோட்டு கிழிந்தது. இருந்த புடவையை வெளுக்க வெளுக்கக் கட்டினோம். பச்சை போய்ச் சாம்பல் ஆனது. சில பேர் சண்டே மார்க்கெட்டில் அதே பச்சையைத் தேடினார்கள். கிளிப்பச்சைதான் கிடைத்தது. அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, "தூரத்துல பார்த்தா ஒண்ணுதான்" என்றார்கள். தூரத்தில் பார்த்தாலும் கிளிதான்.

வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். கவர்மெண்ட் நடத்திய மில். வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். சங்கு ஊதும்போது ஊரில் பாதி வெள்ளையாக அந்த ரோட்டில் போகும்.

மில் மூடினது. சைக்கிளும் நின்றது. இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பேண்ட், பெல்ட், தொப்பி, விசில். வேட்டி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும் எடுப்பார். ஏன் என்று கேட்டதில்லை.

பேண்ட் விஷயத்தை அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கோயேன். நான் போடல? எனுக்கு இன்னா ஆச்சு?"

"மில்லு பூட்டுச்சே."

"பேண்டு போட்டதால பூட்டல. பூட்டினதால பேண்டு போட்டேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் மோர் ஊற்றச் சொன்னார்.

சாட்சி

ஊரில் எல்லாரும் நாங்கள் வெட்கப்பட்டுப் பேண்ட் போடவில்லை என்று நினைத்தார்கள். அது இல்லை.

எங்கள் சங்கத்துக்காரர் முருகேசன். முன்பு எங்களோடு லாரியில் குப்பை ஏற்றியவர். முதுகு போனதும் சங்கத்தில் உட்கார்ந்தார். எங்களைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லி அவர்தான் கேஸ் போட்டிருந்தார். பெட்டி திறந்த அன்று சாயங்காலமே ஷெட்டுக்கு வந்தார்.

"யாரும் பேண்ட் போட்றாதீங்க. போட்டீங்கன்னா கேஸ் காலி."

"பேண்டுக்கும் கேஸுக்கும் இன்னாய்யா?" என்றாள் அஞ்சலை.

"கம்பெனி டிரஸ் போட்டா நீ கம்பெனி ஆளுன்னு நீயே ஒத்துக்கினதா ஆயிடும். பொடவ கட்ற வரைக்கும் நீ கவர்மெண்ட்டு. அது கவர்மெண்ட்டு குடுத்த பொடவ. அதான் நம்ம சாட்சி."

அஞ்சலை குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே தையல் போட்டிருந்தது.

"இதுவா சாட்சி? எந்திரிச்சி நின்னாலே கிழிஞ்சிடும் போல கீதே."

சிரித்தோம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு வேலை இன்னும் சில வருசம்தான். பர்மனெண்ட் ஆகிவிட்டால் அப்புறம் பென்ஷன். ஆகாவிட்டால் ஒன்றும் இல்லை. பெருக்குகிறவரைக்கும் சோறு, அவ்வளவுதான். பிடிக்க வேறு என்ன இருக்கிறது. புடவை இருந்தது.

எங்கள் பெண் லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிறாள். ஜீன்ஸ் போட்டு ஸ்கூட்டியில் போகிறாள். அவளை நான் ஒன்றும் சொன்னதில்லை. அவள் உடுப்பு அவளுக்கு. என் உடுப்பு கேஸில் இருந்தது.

இடுப்பு வரைக்கும்

கம்பெனியில் வருகைக்கு போட்டோ எடுப்பார்கள். காலையில் வரிசையாக நிற்க வைத்து, தினேஷ் தம்பி போனில் எடுத்து வெளியூரில் இருக்கிற ஆபீசுக்கு அனுப்புவார். டிரஸ் இல்லாவிட்டால் ஆப்சென்ட்.

ரெண்டு நாள் எல்லாருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. மூன்றாம் நாள் அவரே வழி சொன்னார்.

"அக்கா, போட்டோ இடுப்பு வரைக்கும்தான் எடுக்கறேன். மேல டி-சர்ட்ட மட்டும் மாட்டிக்குங்க. கீழ உங்க இஷ்டம்."

முருகேசனைக் கேட்டோம். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். டி-சர்ட் கோட்டு மாதிரி. மேல் உடுப்பு. அது கணக்கில் சேராது. பேண்ட்தான் விஷயம்.

அப்படியே செய்தோம். முந்தானையை இடுப்பில் சுற்றிச் சொருகி, மேலே ஆரஞ்சு சட்டை.

"மேல கம்பெனி, கீழ கவர்மெண்ட்டு" என்றாள் அஞ்சலை. "பெருக்கறது யாருடி?"

"கை" என்றேன்.

வெயிலில் அந்தச் சட்டை ஒட்டிக்கொண்டது. உள்ளே ஜாக்கெட், மேலே டி-சர்ட். ரெண்டு முதலாளியைச் சேர்த்துப் போட்ட மாதிரி வேர்த்தது.

வீதியில் குழப்பம். என்னைப் பார்த்து, "கவர்மெண்ட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் "கம்பெனி" என்றார்கள். ஒரு குழந்தை "ஆரஞ்சு ஆயா" என்றது. அது பரவாயில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கிற பக்கம் சனி ஞாயிறில் நிறையப் புடவை பார்க்கலாம். பெங்களூரிலிருந்து வருகிற பெண்கள் வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு சுவர் ஓரம் போட்டோ எடுப்பார்கள். எடுத்து முடிந்ததும் அரை டவுசருக்கு மாறிவிடுவார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் எங்களைவிட நன்றாகக் கொசுவம் வைக்கிறார்கள். ஒருத்தி என்னை நிறுத்தி, புடவை அழகு, டி-சர்ட் எதற்கு என்று கையால் கேட்டாள். நான் இங்கிலீஷ் எழுத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னாடை

எப்படியோ விஷயம் வெளியே போனது. ஒரு சங்கத்திலிருந்து வந்தார்கள். எங்கள் சங்கம் இல்லை. பண்பாட்டுச் சங்கம்.

தலைவர் ஷெட்டில் நின்று பேசினார். தமிழ்ப் பெண்ணின் அடையாளத்தைக் காத்த வீரத் தாய்மார்கள் என்றார். எங்களைத்தான். அவர் பேண்ட் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். ஆரஞ்சு சட்டைக்கு மேலே அது நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது.

கூடவே யூடியூப்காரர் ஒருவர் மைக்கை நீட்டினார்.

"அம்மா, புடவை எங்க உரிமைன்னு சொல்றீங்க. அதைப் பத்தி..."

"யார் சொன்னது?" என்றாள் அஞ்சலை. "பர்மனெண்ட்டுதான் எங்க உரிமை. அதக் குடுத்தா பேண்டு இன்னா, சர்க்கஸ்காரி டவுசர்கூட போட்டுக்குவேன்."

அவர் மைக்கைத் தலைவர் பக்கம் திருப்பிவிட்டார். வீடியோவில் அஞ்சலை வரவே இல்லை. பொன்னாடை வந்தது. நாங்களும் முழுசாக வந்தோம், புடவையோடு. தலையிலிருந்து கால்வரை.

வெளியூர் ஆபீசில் அதைப் பார்த்துவிட்டார்கள்.

தினேஷ் தம்பிக்கு நல்ல திட்டு. அவர் எங்களைத் திட்டவில்லை. "புது குப்ப வண்டி வருதுக்கா. பீச்சுல விழா. பெரிய ஆபீசர் கொடி அசைக்கிறாரு. அன்னைக்கு ஃபுல் டிரஸ்ல வரவங்கதான் ஆளு. வராதவங்க ஆளு இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெட்டியிலிருந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு பேண்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனோம். வாங்குவது போடுவது ஆகாது என்று முருகேசன் சொல்லியிருந்தார்.

வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். குனிந்தேன். நிமிர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கழற்றி மடித்து வைத்தேன். அஞ்சலையிடம் சொல்லவில்லை.

கயிறு

விழாவுக்கு முந்தின சாயங்காலம் முருகேசன் எல்லாரையும் கூட்டினார்.

"நாளைக்கு டி-சர்ட்டும் வேணாம். சுத்தமா பொடவையில வாங்க. அந்த ஆபீசர் நம்ம டிபார்ட்மெண்ட்டுதான். உங்களப் பார்ப்பாரு. பார்த்ததும் 'இவங்க நம்ம ஆளுங்களாச்சே'ன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. நாலு பேர் முன்னாடி சொன்னா போதும். நான் கேஸ்ல சேத்துருவேன்."

"சொல்லலன்னா?" என்றேன்.

"சொல்லுவாரு."

காலையில் பச்சை கட்டினோம். சாம்பலான பச்சை, கிளிப்பச்சை, இருக்கிற எல்லாப் பச்சையும். தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தோம். எங்களைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

கடற்கரை ரோட்டில் பந்தல். பலூன். வரிசையாகப் புது வண்டிகள். பேண்ட் போட்ட ஆட்கள் வண்டிக்கு ஒருவராக நின்றார்கள். பாதிப் பேர் எங்களுக்குத் தெரியாதவர்கள். புதிதாகப் பிடித்திருந்தார்கள். தினேஷ் தம்பி எங்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அது எங்களுக்குச் செய்த உதவி என்றே நினைக்கிறேன்.

நாங்கள் வண்டி ஓரம் போய் நின்றோம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்தார். வயசானவர். கையில் கயிறு.

"பப்ளிக்லாம் கயித்துக்கு அந்தாண்ட."

"நாங்க பப்ளிக் இல்ல சார்" என்றாள் அஞ்சலை. "கவர்மெண்ட்டு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். புடவை, பூ, பழைய செருப்பு. மேடையைக் காட்டினார்.

"கவர்மெண்ட்டு அங்க குந்தினு கீது. நீங்க அந்தாண்ட போங்கம்மா."

போனோம். கயிறு எங்கள் இடுப்புக்கு நேராக வந்தது.

ஆபீசர் பேசினார். கடல் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கொடி அசைத்தார். வண்டிகள் பூவைக் கொட்டிக்கொண்டு போயின. பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கி எங்கள் பக்கமே வந்தார். பின்னால் ஒருவர் துணிப்பைக் கட்டு தூக்கிக்கொண்டு வந்தார்.

முருகேசன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "நில்லு, நில்லு, பார்க்கறாரு" என்றார். நான் முந்தானையை இழுத்து விட்டேன்.

ஆபீசர் என் எதிரே நின்றார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

"வணக்கம்மா. கவர்மெண்ட்டே எல்லாத்தையும் செய்ய முடியாது. பொதுமக்கள் நீங்கதான் ஒத்துழைக்கணும். மக்குற குப்பை, மக்காத குப்பை, தனித்தனியா பிரிச்சுக் குடுங்க. செய்வீங்களா?"

இத்தனை வருசத்தில் ஒரு ஆபீசர் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. பொதுமக்களை மட்டும்தான் கும்பிடுவார்கள் போல.

"சொல்லும்மா, சொல்லு" என்று முருகேசன் பின்னாலிருந்து முனகினார்.

கும்பிடுகிறவரிடம் என்ன சொல்வது. நானும் கும்பிட்டேன்.

"செய்யறோம் சார்."

ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார். அஞ்சலையிடம், "வீட்டுக்காரருக்கும் சொல்லணும்" என்றார். "அவரு செத்துட்டாரு சார்" என்றாள். "பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்று அடுத்த ஆளிடம் போனார். நல்ல மனுசன்தான். எங்களைத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிய வைக்கிற கோட்டு கிழிந்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது.

முருகேசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். புடவை சாட்சி சொல்லிவிட்டது. மாற்றிச் சொல்லிவிட்டது.

குப்பை

கார்கள் போயின. பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கினார்கள். ரோடு முழுக்கப் பூ, தண்ணி பாக்கெட், டிபன் தட்டு, உடைந்த பலூன். காற்றில் உருண்டுகொண்டிருந்தது. பேண்ட் போட்டவர்கள் எல்லாம் வண்டியோடு ஊர்வலம் போய்விட்டார்கள்.

போலீஸ்காரர் இடுப்பில் கை வைத்து ரோட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். குப்பையைப் பார்க்கிற எங்கள் கண்ணை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்.

"ஏம்மா, நீங்கல்லாம் பெருக்கறவங்கதானே? கொஞ்சம் தள்ளி வுட்டுட்டுப் போங்களேன்."

எனக்குக் கை ஊறியது. பழக்கம். குனிந்தே விட்டேன். அஞ்சலை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்க பப்ளிக் சார்" என்றாள். ரெண்டு வீதிக்குக் கேட்டிருக்கும்.

டீ குடிக்கப் போனோம். முருகேசனும் வந்தார். யாரும் கேஸைப் பற்றிப் பேசவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அஞ்சலை என் பக்கம் சாய்ந்தாள். அவளால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டாள்.

"உனுக்கு இடுப்புல லூசா, டைட்டா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள். முருகேசன் எழுந்து பீடி வாங்கப் போனார்.

"சரியா இருக்கு" என்றேன்.

"எனுக்கு லூசு. பின்னு குத்தணும்."

மறுநாள் காலையில் பேண்ட் போட்டுக்கொண்டு போனோம். தினேஷ் தம்பி நேற்றைப் பற்றிக் கேட்காமல் தலையிலிருந்து கால்வரை போட்டோ எடுத்தார். எங்களைக் கடற்கரை ரோட்டுக்கு அனுப்பினார்.

குப்பை அப்படியே இருந்தது.